மூடிய நூலோடு ஓர் ஆட்டம்: சிம்ஹத் தோரா பிறந்த கதை

உபாகமத்தின் கடைசி அதிகாரம் ஒரு சாவைச் சொல்கிறது. எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த மக்களை மீட்டு, நாற்பது ஆண்டுகள் பாலைவனத்தில் நடத்தி வந்த மோசே, நேபோ மலையின் மேல் நின்று, தான் கால்வைக்கப் போகாத நாட்டைக் கண்ணால் மட்டும் பார்க்கிறார். அங்கேயே இறந்துபோகிறார். அவருக்கு வயது நூற்றிருபது. புதைத்த இடம் யாருக்கும் தெரியாது. யூதர்களின் தோரா, அதாவது மோசேயின் பெயரால் வழங்கும் ஐந்து ஆகமங்கள், இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. வாரத்துக்கு ஒரு பகுதியாக ஆண்டு முழுக்க வாசித்து வந்தவர்கள் இந்தக் கடைசி வரிகளை வாசித்து முடிக்கும் நாளில் துக்கம் கொண்டாட வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் யூத ஆண்டிலேயே இதைப்போல் ஆட்டமும் பாட்டும் நிறைந்த நாள் மிகக் குறைவு. தோற்சுருள்களைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு, ஜெபக்கூடத்தைச் சுற்றிச் சுற்றி, கால் ஓயும்வரை ஆடுகிறார்கள். நாளின் பெயர் சிம்ஹத் தோரா. தோராவின் மகிழ்ச்சி என்பது பொருள்.

இந்த விழாவைப் பற்றி எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. இதைக் கொண்டாடச் சொல்லி யாரும் கட்டளையிடவில்லை. தோராவில் இதன் பெயர் இல்லை. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இல்லை. அதன் பெருவிரிவுரையான தால்முத்திலும் இந்தப் பெயர் கிடையாது. பஸ்காவுக்கும் கூடாரப் பண்டிகைக்கும் வேத ஆணை இருக்கிறது. பூரிமுக்கு எஸ்தரின் நூல் இருக்கிறது. சிம்ஹத் தோராவுக்கோ மக்கள் மட்டுமே இருந்தார்கள். அவர்கள் ஆடினார்கள், ஆடியது வழக்கமாயிற்று, வழக்கத்துக்குப் பின்னால் சட்டம் வந்து சேர்ந்தது.

விழா வந்து விழுந்த நாளே கவனிக்கத் தக்கது. யூத நாட்காட்டியில் செப்டம்பர், அக்டோபரை ஒட்டி வரும் திஷ்ரி மாதம் முழுக்கப் புனித நாட்கள்தான். முதல் நாள் புத்தாண்டு. பத்தாம் நாள் பாவநிவாரண உபவாசம். பதினைந்தாம் நாள் தொடங்கி ஏழு நாள் கூடாரப் பண்டிகை. தழை வேய்ந்த குடிலில் உண்டு உறங்கி, பாலைவன வாழ்க்கையை நினைத்துக்கொள்கிற பண்டிகை அது. அது முடிந்ததும் எட்டாவதாக ஒரு நாள் கூடிவர வேண்டும் என்று லேவியராகமம் சொல்கிறது. ஏன் என்று சொல்வதில்லை. பழைய உரைகாரர்கள் இதற்கு ஓர் உவமைக் கதை சொன்னார்கள்: ஓர் அரசன் தன் பிள்ளைகளை விருந்துக்கு அழைத்தான், புறப்படும் நேரம் வந்ததும் அவர்களைப் பிரிய மனமில்லாமல், இன்னும் ஒரு நாள் தங்கிவிட்டுப் போங்கள் என்று கேட்டான்.

இந்த எட்டாம் நாளுக்கு ஒரு நிழல் நாளும் உண்டு. பிறை கண்டு மாதம் தொடங்கிய காலத்தில், எருசலேமில் பிறை தெரிந்த செய்தி தொலைதூர நாடுகளுக்குச் சரியான வேளையில் போய்ச் சேராது. எந்த நாள் என்ற ஐயத்தில் பாபிலோனிய யூதர்கள் ஒவ்வொரு பண்டிகையையும் இரண்டு நாள் கொண்டாடினார்கள். பின்னால் நாட்காட்டி கணக்கு முறையில் நிலைபெற்று ஐயம் தீர்ந்தது. ஆனால் முன்னோர் வழக்கத்தை அவர்கள் விடவில்லை. ஆகவே எட்டாம் நாளுக்கு அடுத்து, சொந்தமாக எந்தப் பொருளும் இல்லாத ஓர் உபரி நாள் அவர்கள் கையில் தங்கிவிட்டது. அந்த இரண்டாம் நாளில் தோராவின் கடைசிப் பகுதியை, மோசேயின் ஆசியையும் மரணத்தையும் வாசிப்பது என்று தால்முத் குறித்து வைத்திருக்கிறது. சிம்ஹத் தோரா முளைத்தது அந்த நாளில்தான். சொந்த நாட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தேவைப்படாத ஒரு நாளில், அயல் மண்ணில் வாழ்ந்தவர்கள் தங்களுக்கென ஒரு திருவிழாவை வளர்த்துக்கொண்டார்கள். இன்றும் இஸ்ரேலில் எட்டாம் நாளும் இதுவும் ஒரே நாளில் அடங்கிவிடுகின்றன. வெளிநாடுகளில் திஷ்ரி இருபத்துமூன்றாம் நாள் தனியாக நிற்கிறது.

பொது இடத்தில் கூடி நின்று நூலைக் கேட்கும் வழக்கம் மட்டும் மிகப் பழையது. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை, கூடாரப் பண்டிகையின்போது, ஆண், பெண், குழந்தைகள், ஊரில் தங்கியிருக்கும் அந்நியர் எல்லாரையும் கூட்டித் தோராவை வாசிக்க வேண்டும் என்று உபாகமத்தின் முப்பத்தொன்றாம் அதிகாரம் விதிக்கிறது. பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து திரும்பிய பிறகு, தண்ணீர் வாசலுக்கு எதிரே மரமேடை போட்டு எஸ்றா வாசித்த காட்சி நெகேமியாவின் நூலில் இருக்கிறது. அங்கே மக்கள் கேட்டுவிட்டு அழுகிறார்கள். அழ வேண்டாம், போய் உண்டு குடித்து இல்லாதவர்க்கும் கொடுத்தனுப்புங்கள் என்று அவர்களைத் தேற்றி அனுப்புகிறார்கள். நூலைக் கேட்டு மனம் கலங்கிய கூட்டம் விருந்துக்குத் திரும்பிய அந்த நாளில் பின்னாளைய சிம்ஹத் தோராவின் சாயலைப் பார்க்க முடியும். ஆனால் நேரடியான வழித்தொடர்ச்சி என்று சொல்ல மாட்டேன். இடையில் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி இருக்கிறது.

அந்த இடைவெளியில் நடந்த பெரிய மாற்றம், வாசிப்புச் சுழற்சி. பாலஸ்தீனத்து யூதர்கள் தோராவைச் சிறு சிறு துண்டுகளாகப் பகுத்து, ஏறத்தாழ மூன்று, மூன்றரை ஆண்டுகளில் முடித்தார்கள். எல்லா ஊரிலும் ஒரே நாளில் முடிந்ததாகவும் தெரியவில்லை. பாபிலோனியர்களோ ஐம்பத்துநான்கு பகுதிகளாக வகுத்து ஓராண்டில் முடித்தார்கள். ஆண்டுதோறும் குறித்த நாளில் முடிவு வரும்போதுதான் அதைச் சுற்றி ஒரு விழா கூட முடியும். ஊருக்கு ஊர் வேறு வேறு நாளில் முடிந்தால், அந்தந்த ஊரில் ஒரு விருந்து நடக்கலாம், பண்டிகை உருவாகாது.

இரண்டு வழக்கங்களும் ஒரே ஊரில் அருகருகே வாழ்ந்ததற்கு நேர்சாட்சி ஒருவர் இருக்கிறார். ஸ்பெயினின் துதேலா நகரத்து பெஞ்சமின் 1170ஐ ஒட்டிய ஆண்டுகளில் எகிப்துக்குப் போனார். பழைய கெய்ரோவில் ஈராக்கின் பாபிலோனிய வழி வந்தவர்களுக்கு ஒரு ஜெபக்கூடமும், ஷாம் எனப்பட்ட சிரியா, பாலஸ்தீன நாட்டு வழி வந்தவர்களுக்கு ஒரு ஜெபக்கூடமும் இருந்ததைக் கண்டார். ஒரு சாரார் ஓராண்டில் முடிக்கிறார்கள், மறுசாரார் மூன்றாண்டில் முடிக்கிறார்கள் என்று தன் பயணக் குறிப்பில் எழுதினார். அதோடு நிறுத்தவில்லை. இரு சாராரும் ஆண்டில் இரண்டு நாள் மட்டும் ஒன்றாகக் கூடி வழிபட ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறார்கள், அதில் ஒன்று சிம்ஹத் தோரா என்றும் பதிவுசெய்தார். தங்கள் சுருளில் இன்னும் பாதிவழியில் இருக்கும் ஷாம் வழியினர், அண்டை வீட்டார் நூலை முடித்த மகிழ்ச்சியில் பங்கெடுக்கப் போயிருக்கிறார்கள்! பெஞ்சமின் ஒரு வரியில் கடந்துபோய்விடுகிறார். எனக்கு அந்த வரியை விட்டு எளிதில் நகர முடியவில்லை. கடைசியில் ஓராண்டுச் சுழற்சியே உலகெங்கும் நிலைத்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டு, பாபிலோனியக் கல்விக்கூடங்களின் செல்வாக்கு முதன்மையானது. ஆனாலும் ஆண்டுதோறும் ஒரு திருவிழா தரக்கூடிய சுழற்சியை மக்கள் விரும்பினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்று அமெரிக்காவில் சில ஜெபக்கூடங்கள் மூன்றாண்டு முறைக்குத் திரும்பியிருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு வாரப் பகுதியிலும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வாசித்து, ஆண்டு முடிவில் எல்லாரோடும் சேர்ந்து சிம்ஹத் தோராவுக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். விழா இப்போது வாசிப்பையே கட்டி இழுக்கிறது.

ஆட்டத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்பது அடுத்த சிக்கல். ஓய்வுநாளிலும் பண்டிகை நாளிலும் கைதட்டக் கூடாது, ஆடக் கூடாது என்று மிஷ்னா தெளிவாகத் தடுக்கிறது. ஆட்டம் சூடுபிடித்தால் யாராவது இசைக்கருவியைச் சரிபார்க்கக் கை நீட்டிவிடுவார்கள், அது வேலை செய்ததாகிவிடும் என்பது தால்முத் தரும் காரணம். இந்த நிலையில் பும்பெதிதா கல்விக்கூடத்தின் தலைவரும், 1038இல் மறைந்தவருமான ஹாய் காவோனிடம் கேள்வி வந்தது. அவர் தந்த விடையின் சாரம் இது: எங்கள் ஊரில் இந்த நாளில் பெரியவர்கள்கூட, தோராவைப் புகழ்ந்து பாடும்போது, ஆடுவது வழக்கம், தோராவின் மதிப்புக்காக ஆடுவதால் அதைத் தடுப்பதில்லை. தன் காலத்து யூத உலகின் மிகப் பெரிய சட்ட அறிஞர் ஒருவர், நூலில் உள்ள தடையையும் கண்ணெதிரே ஆடும் கிழவர்களையும் எடைபோட்டு, கிழவர்கள் பக்கம் நின்றார். பின்வந்த சட்ட நூல்கள் இந்தத் தீர்ப்பையே பற்றிக்கொண்டன.

வாசிப்பு நடக்கும் விதத்தை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். தோராச் சுருள் சடங்குத் தூய்மையான விலங்கின் தோலில், இறகுப் பேனாவால் கையெழுத்தாக எழுதப்படுவது. மூன்று லட்சத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள். ஓர் எழுத்து அழிந்தாலும் திருத்தும்வரை அந்தச் சுருளைப் பொது வாசிப்புக்கு எடுக்கக் கூடாது. இரண்டு மரத்தண்டுகளில் இருபுறமும் சுற்றியிருப்பார்கள். எபிரேயம் வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து. அதனால் ஆண்டு நகர நகர இடத்தண்டு மெலிந்து வலத்தண்டு பருக்கும். சிம்ஹத் தோரா காலையில் மேடைக்கு வரும் முதல் சுருளில் ஏறக்குறைய எல்லாத் தோலும் வலத்தண்டில் சேர்ந்து, இடத்தண்டு ஒல்லியாக நிற்கும். கூடவே இரண்டாவது சுருள் ஒன்றும் எடுத்து வரப்படுகிறது. அதில் எல்லாம் நேர்மாறு. இடத்தண்டு தடித்து, வலத்தண்டு வெறுமனே இருக்கும், ஏனென்றால் அது ஆதியாகமத்தின் முதல் வரியில் திறந்திருக்கிறது. மோசே இறந்ததை முதல் சுருளில் வாசித்து முடித்தவுடன், மூச்சு வாங்கவும் இடைவெளி விடாமல், உலகம் படைக்கப்பட்டதை இரண்டாவதில் தொடங்கிவிடுகிறார்கள். மூன்றாவது ஒரு சுருளில் அன்றைய பண்டிகைப் பலிகளைப் பற்றிய எண்ணாகமப் பகுதி. நூலை முடித்துவிட்டோம் என்று இவர்கள் கைகழுவிவிட்டார்கள் பார் என்று சாத்தான் குற்றம் சொல்ல வாய்ப்புத் தரக் கூடாது, அதனால்தான் உடனே தொடங்குகிறோம் என்று இடைக்கால அறிஞர்கள் விளக்கம் எழுதினார்கள்.

கடைசிப் பகுதிக்கு அழைக்கப்படுகிறவர் தோராவின் மணமகன். முதல் பகுதிக்கு அழைக்கப்படுகிறவர் தொடக்கத்தின் மணமகன். பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளிலேயே பிரான்சில் இந்தப் பெயர்கள் வழங்கின. மணமகன் என்றால் வெறும் பெயரளவில் இல்லை. மெழுகுவத்திகளோடு வீட்டிலிருந்து ஊர்வலமாக அழைத்து வருவதும், வாசிக்கும்போது தலைக்கு மேல் விதானம் பிடிப்பதும், அவர் ஊருக்கே விருந்து வைப்பதும் பல நாடுகளில் உண்டு. அன்று ஜெபக்கூடத்தில் வயது வந்த எல்லாருக்கும் தோராவின் முன் நிற்கும் முறை கிடைக்க வேண்டும் என்பதால், ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். இறுதியாகச் சிறுவர்கள் அத்தனை பேரையும் மேடைக்கு ஏற்றி, தலைக்கு மேல் ஒரு பெரிய தொழுகைப் போர்வையை நான்கு மூலையிலும் பெரியவர்கள் உயர்த்திப் பிடிக்க, அதன் நிழலில் நின்று அவர்கள் ஆசி சொல்கிறார்கள். பதின்மூன்று வயதாகாத பையனுக்கு ஆண்டு முழுக்கக் கிடைக்காத உரிமை அந்த ஒரு நாளில் கிடைக்கிறது. கிழக்கு ஐரோப்பாவில் பிள்ளைகள் கையில் காகிதக் கொடி இருக்கும். கொடிக்கம்பின் உச்சியில் ஓர் ஆப்பிள், அதைக் குடைந்து நட்ட மெழுகுவத்தி.

சுருள்களை ஏந்திச் சுற்றுவது மணமகன் பெயர்களுக்குப் பிந்தியது. எருசலேம் கோயில் இருந்த நாளில், கூடாரப் பண்டிகையின்போது பலிபீடத்தைக் கிளைகளோடு சுற்றி வந்தார்கள். ஏழாம் நாளில் ஏழு சுற்று. கோயில் அழிந்தபின் ஜெபக்கூடத்து வாசிப்பு மேடையைச் சுற்றினார்கள். அந்த ஏழு சுற்றுகள் தோராச் சுருள்களோடு சிம்ஹத் தோராவுக்கு இடம் பெயர்ந்தது பதினாறாம் நூற்றாண்டில் தெளிவாகத் தெரிகிறது. போலந்தின் கிராக்கோவில் வாழ்ந்த மோசே இசர்லெஸ், எங்கள் நாட்டில் இப்படிச் செய்கிறார்கள் என்று சட்டநூலின் ஓரத்தில் குறித்தார். கலிலேயாவின் சஃபேது நகரத்து ஞானி ஈசாக்கு லூரியா, ஒரு கூட்டத்தோடு சுற்றி முடித்துவிட்டு, இன்னொரு கூட்டத்தைக் கண்டதும் அவர்களோடும் சேர்ந்து சுற்றினார் என்று அவர் சீடர் ஹயிம் விட்டால் எழுதினார். இசர்லெஸ், லூரியா இருவருமே 1572இல் மறைந்தார்கள். சுருள் இலேசானதும் அன்று. பத்துக் கிலோவுக்கும் மேல் கனக்கும் சுருள்கள் சாதாரணம். கைதவறிச் சுருள் தரையில் விழுந்தால், பார்த்தவர்கள் நாற்பது நாள் உபவாசம் இருக்கும் வழக்கம் உண்டு. அப்பேர்ப்பட்ட பொருளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் குதிக்கிறார்கள்.

வெளியார் கண்ணுக்கு இது எப்படித் தெரிந்தது என்பதற்கு லண்டனில் ஒரு சான்று இருக்கிறது. கடற்படை அலுவலரும் நாட்குறிப்பு எழுத்தாளருமான சாமுவேல் பெப்பிஸ் 1663 அக்டோபர் 14 அன்று மனைவியோடு கிரீச்சர்ச் சந்திலிருந்த யூத ஜெபக்கூடத்துக்குப் போனார். இங்கிலாந்தில் யூதர்கள் மறுபடி குடியேறி ஏழெட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. போன நாள் சிம்ஹத் தோரா என்பது அவருக்குத் தெரியாது. ஆண்கள் தொழுகைப் போர்வையோடு இருப்பதையும், பெண்கள் கம்பித் தட்டிக்குப் பின்னால் மறைந்திருப்பதையும், சுருள்களை ஒருவர் மாற்றி ஒருவர் சுமந்து பாடிக்கொண்டு சுற்றுவதையும் பார்த்தார். சிரிப்பும் விளையாட்டும் கூச்சலுமாக இருக்கிறதே, கடவுளை அறிந்தவர்கள் இப்படி வழிபடுவார்களா என்று அருவருப்போடு எழுதிவிட்டு வெளியேறினார். தேவாலய அமைதிக்குப் பழகிய மனிதரின் தீர்ப்பு அது. நம் ஊர்த் தேர்த்திருவிழாவில் வடம் பிடித்தவர்களுக்கு அந்தக் கூச்சல் அவ்வளவு அந்நியமாக இருந்திருக்காது.

மூன்று நூற்றாண்டு கழித்து மாஸ்கோவில் நடந்தது இந்த விழாவின் இயல்பை எல்லாவற்றையும்விட நன்றாகக் காட்டுகிறது. சோவியத் ஆட்சியில் எபிரேயம் கற்பிக்கத் தடை, யூதப் பள்ளிகள் கிடையாது, ஜெபக்கூடங்கள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. உள்நாட்டுக் கடவுச்சீட்டின் ஐந்தாம் வரியில் மட்டும் யூதர் என்று எழுதியிருக்கும். அறுபதுகளில் ஆண்டுதோறும் சிம்ஹத் தோரா இரவில் அர்ஹிப்போவா தெருவிலிருந்த பெரிய ஜெபக்கூடத்தின் முன்னால் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கூடினார்கள். கித்தார் வாசித்தார்கள், வட்டம் கட்டி ஆடினார்கள். காவலர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு பிரார்த்தனையும் தெரியாது. 1965இல் அங்கே போன எலி வீசல், தன் 'மௌனத்தின் யூதர்கள்' நூலில் அந்த இரவுக்குத் தனி இடம் கொடுத்தார். அந்த இளைஞர்கள் உபவாச நாளையோ பஸ்காவையோ விட்டு இந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மற்ற நாட்களுக்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். வாசிக்க, பாட, முறை அறிந்து செய்ய வேண்டும். சிம்ஹத் தோராவில் சுருளைத் திறந்து வாசிப்பவர்கள் சிலரே. மற்ற எல்லாரும் மூடிய சுருளோடுதான் ஆடுகிறார்கள். மூடிய நூலின் முன் பண்டிதரும் எழுத்தறியாதவரும் சமம்.

இந்தச் சமத்துவம் வெகுகாலம் ஆண்களுக்கு மட்டும் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெண்கள் மாடத்திலிருந்து இனிப்பு வீசினார்கள், பார்த்தார்கள். 1970களுக்குப் பிறகுதான் பல நாடுகளில் பெண்கள் சுருளை ஏந்தி ஆடத் தொடங்கினார்கள்; வைதிகக் கூட்டங்கள் பலவற்றில் இன்றும் இது தீராத வழக்கு.

2023 அக்டோபர் 7 அன்று காலை இஸ்ரேலில் சிம்ஹத் தோரா. ஹமாஸ் தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அதைத் தொடர்ந்த போரில் காசாவில் பல்லாயிரம் பாலஸ்தீனியர்கள் உயிரிழந்தார்கள். அடுத்த ஆண்டு இதே நாள் வந்தபோது ஆடலாமா என்ற கேள்வி யூத உலகெங்கும் எழுந்தது. சில இடங்களில் சுற்றுகளைக் குறைத்தார்கள்; சில இடங்களில் இறந்தவர் பெயர் தைத்த உறையைச் சுருளுக்குப் போர்த்தி, ஒரு சுற்றை மௌனமாகச் சுற்றினார்கள். மோசேயின் மரணத்தை வாசித்துவிட்டு ஆடும் விழாவிலும் அந்தக் கேள்விக்கு எளிய விடை கிடைக்கவில்லை.

நமக்கு மிக அருகில் இந்த விழா செழித்த இடம் கொச்சி. கேரளத்து யூதர்களின் பழமைக்குக் கல்லும் செம்பும் சாட்சி. சேந்தமங்கலம் ஜெபக்கூடத்து முற்றத்தில் சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல் 1269ஆம் ஆண்டைத் தாங்கி நிற்கிறது. அதற்கும் முன்னதாக, ஏறத்தாழ கி.பி. 1000இல், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அளித்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. அதன் மொழி தமிழ் வாசகனுக்கு அதிகம் அந்நியமில்லாத மொழி. பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, வடுகப்பறை, காளம், தோரணம் என்று அரசமரியாதைகளை வரிசைப்படுத்தி, அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் அது ரப்பானுக்குத் தருகிறது. கொச்சி யூதர்களின் திருமணத்தில் மணமகனுக்கு இந்த மரியாதைகளின் சாயல் கிடைக்கும். ரப்பானைப் போற்றும் மலையாளப் பாட்டுகளைப் பெண்கள் கையெழுத்து நோட்டுகளில் எழுதிவைத்து, ஆண்கள் முன்னிலையிலேயே பாடினார்கள். பிற நாட்டு வைதிக யூதர்கள் இதைக் கண்டால் திகைப்பார்கள்.

சிம்ஹத் தோராதான் கொச்சிக்கு ஆண்டின் பெருவிழா. சுவரிலும் தூணிலும் சரிகைத் துணி தொங்கும், விளக்குகள் எரியும், மல்லிகைச் சரம் மணக்கும். வெள்ளியும் பொன்னும் பொதிந்த மரப்பேழைகளில் இருக்கும் தோராச் சுருள்களை நிலையான பெட்டகத்திலிருந்து எடுத்து, பட்டால் அலங்கரித்த தற்காலிகப் பெட்டகத்தில் ஊர் பார்க்க வைப்பார்கள். வெறுங்காலோடுதான் உள்ளே வர வேண்டும். இரவிலும் காலையிலும் சுற்றுவது எல்லா ஊருக்கும் பொது. கொச்சியில் பிற்பகலிலும் சுருள்களை வெளியே கொண்டுவந்து, கூரையற்ற முற்றத்தில் சுற்றினார்கள். விழா முடிந்த கையோடு, பாடிக்கொண்டே அந்தத் தற்காலிகப் பெட்டகத்தைப் பிரித்துப்போட்டுவிடுவார்கள். 1980களில் கொச்சியின் மட்டாஞ்சேரியில் தங்கி ஆய்வுசெய்த நேதன் காட்ஸும் எலன் கோல்ட்பர்க்கும், 1993இல் வெளியான 'கொச்சியின் கடைசி யூதர்கள்' நூலில், கோயில் உற்சவத்தில் திருமேனியை வெளியே எழுந்தருளச் செய்து ஊர்வலம் வருவதன் சாயலை இதில் கண்டார்கள். என் எண்ணத்தில் அது பெருமளவு சரி. உருவத்தை வணங்காத ஒரு சமயம், சுற்றிலும் உற்சவமூர்த்திகள் பவனி வரும் நாட்டில், தன்னிடம் இருந்த ஒரே புனிதப் பொருளைப் பவனி கொண்டுவந்தது. அதற்காகத் தன் சட்டத்தில் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த அழகின் மறுபுறம் கசப்பானது. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெபக்கூடத்தில், அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்த யூதர்களுக்கு உட்கார ஆசனம் கிடையாது, தோராவுக்கு அழைப்பும் கிடையாது. தரையிலோ முன்கூடத்திலோ இருக்க வேண்டும். அவர்களில் ஒருவரான ஏ.பி. சேலம் (1882–1967) சென்னையில் சட்டம் படித்துத் திரும்பி வழக்கறிஞரானார். காந்தியின் வழியைப் பின்பற்றி அந்த ஜெபக்கூடத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் நடத்தினார். யூதகாந்தி என்று அவரைச் சொன்னார்கள். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன, ஆனால் பல்லாண்டு பிடித்தது. பண்டிதருக்கும் எழுத்தறியாதவருக்கும் பொதுவான நூலென்று ஆடிய இடத்திலேயே நிறமும் பிறப்பும் பார்த்தார்கள் என்பதை மறைத்துவிட்டுக் கொச்சியின் மல்லிகையை மட்டும் பாட எனக்கு மனம் வரவில்லை.

1950களின் நடுவில் ஏறத்தாழ 2,500 பேர் கொண்ட அந்தச் சமூகத்தின் பெரும்பகுதி இஸ்ரேலுக்குப் புறப்பட்டுப் போயிற்று. தெற்கே பாலை விளிம்பிலுள்ள நெவாதீம் முதலிய குடியிருப்புகளில் அவர்கள் வேரூன்றினார்கள். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஜெபக்கூடத்து உட்புறம் மரவேலைப்பாடோடு பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டு, எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பரதேசி ஜெபக்கூடம் பயணிகளால் நிறைந்திருந்தாலும் தோராவைப் பொதுவில் வாசிக்கப் பத்து ஆண்கள் வேண்டும். உள்ளூரில் அந்தப் பத்துப் பேர் இல்லாமல் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வெளியூர் யூதர்கள் வந்தால்தான் சுருள் திறக்கும். பெண்களின் மலையாளப் பாட்டுகளோ கடல் தாண்டியும் பிழைத்தன. கொச்சியில் பிறந்து இஸ்ரேலில் முதுமையடைந்த பெண்கள் நோட்டுகளை மறுபடி எடுத்துப் பாடினார்கள், ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள், எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்து இசை ஆய்வு மையம் 2004இல் அவற்றைக் குறுந்தகடாக வெளியிட்டது.